ஈசானிய மூலையில் ஒரு கம்பிக் கூடை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அமீனா இதுவரை எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆமை வந்தது. அதுவும் மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த வருஷமாகப் பார்த்து வந்தது.

எங்கள் வீடு மைசூரில் ரிங் ரோட்டுக்கு வெளியே, ஒரு ஏரியை ஒட்டிய லேஅவுட்டில் இருக்கிறது. கணவருக்கு ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை. நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறேன். ஒரே மகள், வங்கியில் வேலை பார்த்தாள். வீட்டில் தமிழ் பேசுவாள்; கோபமோ பயமோ வந்தால் கன்னடம்தான் வாயில் வரும்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் பால் பாக்கெட் எடுக்க கேட்டுக்குப் போனேன். காம்பவுண்டின் வடகிழக்கு மூலையில், வீடு கட்டியபோது மிஞ்சிய மணலைக் கொட்டிவைத்திருந்த இடத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒன்று பின்னங்கால்களால் மண்ணை வாரி வாரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. கணவர் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தார்.

"கத்தாத. முட்டை வெக்குது."

"வெக்கட்டும். ஊர்ல வேற எடமே இல்லையா? நம்ம வீட்டு ஈசானிய மூலைதான் கெடைச்சுதா?"

"அதோட ஏரிக்கரையில நாமதான் வீடு கட்டியிருக்கோம். அது எடத்துக்கு அது வந்திருக்கு."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு. வரப்போற சம்பந்திகிட்டயும் இதையே சொல்லுங்க பாக்கலாம்."

எங்கள் சண்டை அதன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வந்த வேலையை முடித்தது, மண்ணைத் தள்ளி மூடியது, வயிற்றால் அழுத்தித் தட்டியது, கேட்டுக்கு அடியில் இருந்த இடைவெளியில் நுழைந்து ஏரியைப் பார்த்து நடந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெத்துப் போட்டுட்டு போற அழகப் பாரு, மகராசி!" என்று அதன் முதுகைப் பார்த்துத் திட்டினேன்.

மகள் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்திருந்தாள். எங்கள் பகுதியில் பாம்பு பிடிக்க வருகிறவருக்கு அவளே போன் போட்டாள். அவர் ஸ்கூட்டரில் வந்து பார்த்துவிட்டு, "ஹாலாமெ" என்றார். நாம் பாலாமை என்கிறோமே, அதுதான். முட்டையை எடுக்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது என்றார். கோழி முட்டையைப் போல உருட்டித் திருப்பினால் உள்ளே இருக்கும் குஞ்சு செத்துவிடுமாம். நாயும் கீரியும் தோண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், வனத்துறைக்குத் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார். எப்போது பொரியும் என்று கேட்டேன். அடுத்த மழைக்காலம் தொடங்கும்போது என்றார். கோழி மூன்று வாரத்தில் முடிக்கிற காரியத்துக்கு இதற்கு மனுஷி சுமக்கிற அளவு காலமா?

எங்கள் ஷோகேசில் ஒரு பித்தளை ஆமை தண்ணீர்க் கிண்ணத்தில் வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்கு நல்லது என்று என் நாத்தனார் வாங்கிக் கொடுத்தது. மகள் அதைக் காட்டி, "அது மட்டும் அதிர்ஷ்டம், இது மட்டும் தரித்திரமா?" என்று கேட்டாள். "பித்தளை ஆமை முட்டை வெக்காது, அதான் வித்தியாசம்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

எனக்கு ஆமையிடம் பயமில்லை. பயமெல்லாம் அடுத்தவர் வாயிடம்தான். அதற்கு முந்தின வருஷம் மகளுக்கு ஒரு நல்ல இடம் வந்து, எல்லாம் பேசி முடித்து, கடைசியில் அவர்கள் கோயிலில் பூக் கேட்கப் போனார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தது. ஒரு போன்கூடப் பண்ணாமல் அந்த இடம் அப்படியே நின்றுபோனது. ஒரு பூவுக்கே அந்தக் கதி என்றால் ஒரு முழு ஆமைக்கு என்ன ஆகும்?

"தோண்டி எடுத்து ஏரிக்கரையிலயே பொதைச்சிடுங்க" என்று கணவரிடம் சொன்னேன். மகள் குறுக்கே வந்து நின்றாள். "அதுகள சாவடிச்சுட்டு பண்ற கல்யாணம் எனக்கு பேடவே பேட" என்றாள். பேட என்றால் வேண்டாம். அவள் கன்னடத்துக்கு மாறினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கணவர் ஒர்க்ஷாப்பில் தெரிந்தவரிடம் சொல்லி, கவிழ்த்த கூடை மாதிரி ஒரு கம்பி வலைக் கூண்டு அடித்துக்கொண்டு வந்தார். அதை மணல் மேல் கவிழ்த்து, மேலே பெரிய கல் ஒன்றைத் தூக்கி வைத்தோம். யார் கேட்டாலும் துளசி விதை போட்டிருக்கிறோம், கோழி கிளறாமல் இருக்கக் கூடை என்று சொல்ல வேண்டும் என்பது என் உத்தரவு.

தை பிறந்ததும் ஹனூர்ப் பக்கமிருந்து ஓர் இடம் வந்தது. மஞ்சளும் சோளமும் போடுகிற விவசாயக் குடும்பம். பையனுக்கு மைசூரிலேயே வேலை. பார்த்துப் பேசிய பிறகு இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. பையனுக்கு அப்பா இல்லை, எல்லாம் அம்மாதான். வீடு பார்க்க வந்தபோதே அந்த அம்மாள் கண் வடகிழக்கு மூலைக்குப் போனது.

"அதென்னுங்க அந்த மூலைல?"

"துளசி வெதைங்க."

"துளசிக்கு எதுக்குங்க இத்தாப்பெரிய கல்லு?"

"நாய் தொல்லைங்க" என்றேன். துளசியை எந்த நாய் தின்னும் என்று அவர் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மாசியில் நிச்சயம் நடந்தது. மாப்பிள்ளைக்கு நாங்கள் மோதிரம் போட்டோம். அதற்காகக் கொள்ளேகாலத்திலிருந்து வந்த நாத்தனார், கணவரின் அக்கா, எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் அவரை நான் நங்கையா என்றுதான் கூப்பிட வேண்டும். அவரிடமும் துளசிக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். அவர் அதை அப்படியே நம்பியதுதான் வினையாகப் போனது. தினமும் குளித்துவிட்டு அந்த மூலைக்குப் போய்க் கும்பிட்டார். சொம்பில் தண்ணீர் ஊற்றப் போனவரை, ஈரம் அதிகமானால் விதை அழுகும் என்று ஓடிப்போய்த் தடுத்தேன். "இத்தன நாளாச்சு, ஒண்ணுகூட மொளைக்கலையே. கண்ணு பட்டிருக்குது புள்ள" என்று ஒரு நாள் முடிவுக்கு வந்தார். எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி அந்தக் கல் மேல் வைத்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் பழம் மாறியது. சொன்ன பொய்க்கு எலுமிச்சம்பழத்தோடு போகிறதே என்று நானும் சும்மா இருந்தேன்.

நகை பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை வந்த சம்பந்தியம்மா, நங்கையா பழம் மாற்றிக் கும்பிடுவதையும் பார்த்தார். காபியைப் பாதி குடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார். அதன் பிறகு அவர் போன் குறைந்தது. நான் போன் போட்டாலும், "ஆகட்டுங்க, பாக்கலாமுங்க" என்பதோடு சரி. பங்குனி போய் சித்திரையும் முடியப்போனது. வைகாசியில் கல்யாணம், பத்திரிகை அடித்தாகிவிட்டது. மகள் முகத்தில் களையில்லை. "அவங்க அம்மா அவர்கிட்டயும் சரியா பேசறதில்லையாம்மா. அவரு வேற மோதரத்தைக் காணோம்னு வீடெல்லாம் தேடிட்டு இருக்காரு. உங்ககிட்ட சொல்லாதேன்னாரு" என்றாள். ஆமை விஷயம் யாரோ சொல்லி அவர்கள் காதுக்குப் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். பால்காரரைக்கூட விடாமல் விசாரித்தேன். பிறகு அந்தக் கூண்டின் மேல் பழைய சாக்கு ஒன்றையும் போட்டு மூடினேன். இன்றைக்கு நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கல்யாணம் மண்டபத்தில்தான் என்றாலும் முகூர்த்தக்காலை வீட்டில்தான் நட வேண்டும். அதை ஈசானிய மூலையில்தான் நட வேண்டும். மாதக்கணக்காக இதற்கு ஒரு வழி யோசித்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கால் நடுகிற நாள் காலையில் மகளைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், கல்யாணம் முடியும்வரை ஆமை என்ற சொல் அவள் வாயிலிருந்து வரக் கூடாது என்று அவள் கையை என் தலையில் வைத்து சத்தியம் வாங்கினேன். "மீறினா என் தலை வெடிச்சுடும், ஞாபகம் வெச்சுக்க" என்றேன். அவள் கண்ணீரோடு தலையாட்டினாள்.

வெளியே வந்தால் கேட்டில் ஆட்டோ நிற்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தியம்மா வந்து இறங்குகிறார், தனியாக. வாருங்கள் என்றதற்கு வந்தேன் என்றாரே தவிர முகத்தில் சிரிப்பில்லை. முந்தானை முடிச்சைக் கையில் இறுகப் பிடித்திருந்தார். ஏதோ காணிக்கை முடிந்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் தடவி மாவிலை கட்டிய கம்பு தயாராக இருந்தது. கணவர் கடப்பாரையோடு நின்றார். நங்கையா நேராக மூலைக்குப் போய், "தம்பி, துளசிதான் மொளைக்கலையே. அந்தக் கூடையத் தூக்கி வீசீட்டுக் குழியத் தோண்டு" என்றார்.

"அங்க வேண்டாமுங்க நங்கையா. அடியில தண்ணி பைப்பு போகுது."

"பைப்பு தெக்கால போகுதுன்னு நீதான புள்ள சொன்ன?"

கணவர் கடப்பாரையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். நங்கையா தானே குனிந்து கல்லைப் புரட்டிவிட்டார். சம்பந்தியம்மா ஓரடி முன்னால் வந்தார். "ஏனுங்க சம்பந்தி, அங்க என்னதானுங்க இருக்குது? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாகோணும்" என்றார். நங்கையா சாக்கை இழுத்துப் போட்டு, "நீ குத்துடா தம்பி" என்றார்.

"பேட அத்தை! சத்தோகுத்தெ!"

செத்துவிடும் என்பதைத்தான் கன்னடத்தில் கத்திக்கொண்டு மகள் வாசற்படியிலிருந்து ஓடிவந்து கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்புடவை மண்ணில் புரண்டது. அழுதுகொண்டே சொன்னாள்: "உள்ள ஆமை முட்டை இருக்கு. ஐப்பசியில ஏரியில இருந்து வந்து வெச்சுது. துளசியும் இல்ல, பைப்பும் இல்ல. நீங்க கல்யாணத்த நிறுத்திடுவீங்கன்னு அம்மா பயந்துட்டாங்க."

நங்கையா அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ஐயோ சாமி! ஆமை புகுந்த வூடும்..." என்று ஆரம்பித்தவர், சம்பந்தி நிற்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை மாதம் தான் எதற்கு எலுமிச்சம்பழம் வைத்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நான் போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன். மகள் போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினாள். ஆமை மண்ணைத் தள்ளியது; பின்னால் என் கூச்சலும் நாய் குரைப்பும் கேட்டன. சம்பந்தியம்மா முழுக்கப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து அழுகையில் போய் நின்றது.

"அட கருமமே! ஆமை முட்டையா? நானு தகடு பொதைச்சிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்! ஈசானி மூலைல கல்லு, கல்லு மேல குங்குமத்தோட எலுமிச்சங்கா, கேட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல. அதும் கும்பிடறது ஆரு, கொள்ளேகாலத்துக்காரி! எம்பையனுக்கு ஏதோ வெச்சுப்போட்டாங்கன்னு ராவெல்லாம் தூக்கமில்லீங்க எனக்கு."

கொள்ளேகாலம் என்றாலே மந்திரம், செய்வினை என்று சுற்றுப்பட்டு ஊர்களில் கேலி பேசுவது வழக்கம். நங்கையாவுக்கு ரோஷம் பொங்கியது. "எங்கூருன்னா எல்லாரும் மந்திரவாதியா? நா துளசிக்குத்தானுங்க வெச்சேன்!" என்று எழுந்தார். "அந்தத் துளசிதான் நல்லா மொளைச்சுதே" என்று கணவர் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் பயந்தது ஒரு பழமொழிக்கு. அதை மறைக்கப் போய் மகள் வாழ்க்கைக்கு மேல் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

"சரிங்க, ஆமை புகுந்த வூடுங்கறாங்களே..." என்று நானே இழுத்தேன்.

"அது வாசப்படி ஏறுச்சுங்களா?" என்று கேட்டார் சம்பந்தியம்மா.

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க பழமொழி? காம்பவுண்டுக்கு வந்ததெல்லாம் வூட்டுக்கு வந்த கணக்கா? கம்ப கேட்டுக்கு அந்தாண்ட நடுங்க. அதும் கெழக்குதான்." அது ஈசானியம்தானா என்று நங்கையா கொஞ்ச நேரம் வாதாடினார். கடைசியில், கேட்டிலிருந்து பார்த்தால் அதுவும் ஈசானியம்தான் என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

வைகாசியில் கல்யாணம் நல்லபடி நடந்தது. மாப்பிள்ளை விரலில் மோதிரம் இருந்தது. கிடைத்துவிட்டது போல என்று நினைத்தேன், கேட்கவில்லை. மகள் போன பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. சோறு இறங்கவில்லை, நன்றாக அழுதேன். காலையில் எழுந்ததும் கூண்டைப் போய்ப் பார்ப்பது மட்டும் பழக்கமாக நின்றது. இரண்டு தடவை கீரி தோண்டிப் பார்த்திருந்தது. கணவர் கம்பியை மண்ணுக்குள் இன்னும் ஆழமாக இறக்கினார். "சீக்கிரம் வாங்கடா, வீட்டுல ஒரு சத்தமும் இல்ல" என்று மணலிடம் பேசும் அளவுக்கு வந்துவிட்டேன்.

ஆடி பிறந்தது. இங்கே ஆஷாட வெள்ளி என்று சாமுண்டி மலையில் கூட்டம் அலைமோதும். மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சம்பந்தியம்மா தரிசனத்துக்கு வந்து, மலை இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கேட்டைத் திறந்த மகள் அங்கேயே கத்தினாள். நனைந்த மணலைப் பிளந்துகொண்டு, கம்பிக்கு உள்ளே, சின்ன வடை அளவில் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி முட்டிக்கொண்டிருந்தன. நான் செருப்பில்லாமல் ஓடினேன்.

பாம்பு பிடிக்கிறவர் போனில் வழி சொன்னார். தானாக வெளியே வந்ததை மட்டும் ஈர மணல் போட்ட வாளியில் எடுத்து, ரோட்டைத் தாண்டி, ஏரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே விட்டுவிட வேண்டும், மீதியை அவையே நடக்கட்டும் என்றார். மகள் வாளியைத் தூக்கினாள். கணவர் நடுரோட்டில் கையை விரித்து நின்று ஸ்கூட்டர்களை நிறுத்தினார். கொள்ளேகாலத்திலிருந்து நங்கையா வீடியோ காலில், "போயிட்டு வாங்க சாமிகளா" என்று கும்பிட்டார். கரையில் இறக்கிவிட்டதும் அவை புல்லுக்குள் தடுக்கி விழுந்து நடக்க ஆரம்பித்தன. மேலே காகங்கள் சுற்றின. நானும் சம்பந்தியம்மாவும் ஆளுக்கொரு முறத்தை ஆட்டி விரட்டினோம். சில முட்டைகள் பொரியவே இல்லை. வந்தவை எல்லாம் தண்ணீர் சேர்ந்தன.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு சம்பந்தியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாதுங்க. அன்னைக்கு நானு முகூர்த்தக்காலுக்கு வரலீங்க. கல்யாணம் வேண்டாம்னு சொல்லீட்டுப் போலாம்னுதான் வந்தேன். அவன் குளிக்கக் கழட்டி வெச்ச மோதரத்த எடுத்து முந்தானைல முடிஞ்சு கொண்டாந்திருந்தேன், உங்க கைல குடுத்தர்லாம்னு. அந்தப் புள்ள மட்டும் அன்னைக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா..."

அந்த முந்தானை முடிச்சு கண் முன்னால் வந்தது. கரையில் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தான் நனைந்துகொண்டு அவளுக்குக் குடை பிடித்திருந்தார். குடைக்காம்பைப் பிடித்த கையில் அந்த மோதிரம் இருந்தது.

நான் எழுந்து மகளிடம் போனேன். அவள் தலையைத் தடவினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, "அம்மா, அன்னைக்கு சத்தியத்த மீறிட்டேன்ல. எத்தனை நாள் பயந்தேன் தெரியுமா, உனக்கு ஏதாவது ஆயிடும்னு" என்றாள். இத்தனை மாதமாக அதை மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். அவள் கையை எடுத்து மறுபடி என் தலை மேல் வைத்தேன்.

"வெடிக்கல பாரு" என்றேன்.